கத்தாதடி மைனா

அத்தியாயம் பதினொன்று

ஒருவழியாகத் தீப்தி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"தூர்!" என்று வங்காளியில் அலுத்துக்கொண்டாள். "சாமி முன்னாடி சத்தியம் பண்ணுன்னெல்லாம் கேட்காதேம்மா. சொல்லமாட்டேன்னா சொல்லமாட்டேன். போதுமா?"

அப்படிச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா சாவித்ரிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது, கிடைத்ததில் ஒரு நிம்மதி வரவில்லை.

இந்த வருஷம் கொல்கத்தாவில் குழந்தை இருக்கிற வீடுகளில் எல்லாம் தீப்தியின் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாதி வங்காளி, பாதி தமிழ். தமிழே தெரியாத வங்காளித் தாய்மார்கள்கூட 'கத்தாதடி மைனா' என்ற வரியை அப்படியே பிடித்துக்கொண்டு, மடியில் குழந்தையைப் போட்டு ஆட்டினார்கள். எல்லோரும் அதைத் தாலாட்டு என்றே நினைத்தார்கள்.

அது தாலாட்டு இல்லை. தீப்தி தன் வயிற்றைப் பார்த்துப் பாடிய பாட்டு.

கல்லூரி முடித்த கையோடு, தோதாரா என்கிற அந்தச் சின்ன நரம்பு வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, சொந்தமாகப் பாட்டுக் கட்டி ஊர் ஊராகப் பாடக் கிளம்பியவள் அவள். அந்த நாளிலேயே நோயும் வந்தது. பெருங்குடல் முழுக்கப் புண். மருந்து சாப்பிட்டால் அடங்கும். அடங்கிவிட்டது என்று நம்பினால் திரும்ப வரும். எந்த மேடைக்குப் போனாலும் மைக்கைப் பார்ப்பதற்கு முன்னால் கழிப்பறை எங்கே என்று பார்க்கிறவளானாள். நீளமான பாட்டு எழுதுவதையே விட்டாள். சிலிகுரியில் ஒருமுறை பாதிப் பாட்டில் எழுந்து ஓடியவள் மேடைக்குத் திரும்பவில்லை. திமிர் பிடித்தவள், குடிக்கிறவள் என்றெல்லாம் பேச்சு வந்தது. தீப்தி ஒருவருக்கும் பதில் சொன்னதில்லை.

போன வருஷம் பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் முனையை வயிற்றின் வலது பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்து, அதன்மேல் ஒரு பை ஒட்டினார்கள். இனி ஆயுசுக்கும் அதுதான் வழி.

அந்த முனைக்கு நேரம் காலம் தெரியாது. நாலு பேர் நடுவில், கோவிலில், டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போது, நினைத்தபோது சத்தம் போடும். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே தீப்தி அதற்கு ஷாலிக் என்று பெயர் வைத்தாள். வங்காளியில் மைனாவுக்கு அதுதான் பெயர். பெயர் வந்ததும் பாட்டும் வந்தது. வீட்டுக்கு வந்து, கட்டிலில் சாய்ந்தபடி போனிலேயே பதிவு செய்து வெளியிட்டாள். அது இப்படி வீடு வீடாக நுழையும் என்று யார் கண்டது?

இதைத்தான் தீப்தி மேடையில் சொல்லப் போகிறேன் என்றாள். மருத்துவமனையில் இருந்து ஒரு நர்ஸ் போன மாதம் பேசியதிலிருந்து பிடித்த பிடிவாதம். வார்டில் ஒரு கல்லூரிப் பெண். இந்த ஆபரேஷன்தான் என்று சொன்னதும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவள் யாரிடமும் பேசுவதில்லையாம். 'நீங்க ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னா, அவ திரும்பிப் பார்ப்பா' என்றாளாம் நர்ஸ். ஆபரேஷனுக்குப் பிறகு தீப்தி ஏறும் முதல் மேடை இன்று மாலைதான்.

இன்றுதான் தீப்தியின் தம்பி ஹரீஷுக்கு நிச்சயம் பேச மஹிமாவின் அப்பா அம்மா சென்னையிலிருந்து வருகிறார்கள். ஹரீஷும் மஹிமாவும் சால்ட் லேக்கில் ஒரே ஆபீஸ். மஹிமாவுக்கு எல்லாம் தெரியும். அவள் வீட்டாருக்கு 'நாத்தனாருக்கு வயித்துல அல்சர் ஆபரேஷன்' என்ற அளவில்தான் தெரியும். அவர்களையும் கச்சேரிக்கு அழைத்துப் போவதாக ஹரீஷ் முன்னமே சொல்லிவைத்துவிட்டான்.

இந்த நிலைமையில், மேடையில் சொல்லாதே என்பதைத் தவிர ஒரு தாய் வேறு என்னதான் கேட்பாள்?

"ஏன்னா, மப்ளரை எடுத்துண்டேளா? பாலத்துல காத்து முகத்துல அடிக்கும்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பட்டாபி கழுத்தைத் தொட்டுக் காட்டினார். துறைமுகத்தில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் கோணல் இல்லாமல் செய்கிறவர்.

"சாந்த்ராகாச்சிக்கு வண்டி வரச்சே நாம ஸ்டேஷன்ல இருக்கணும். சம்பந்தி வந்து இறங்கி நம்மளைத் தேடப்படாது. ஹரீஷ், கார் சாவி?"

"இருக்குப்பா. வா."

கார் கிளம்பிய சத்தம் கேட்டது. சாவித்ரி மெருன் பட்டுப் புடவையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, லேக் மார்க்கெட்டில் முந்தின நாள் வாங்கிவைத்த முருங்கைக்காயை நறுக்க உட்கார்ந்தாள். பட்டுப் புடவையை முன்னமே கட்டியாகிவிட்டது. அவர்கள் வந்து நிற்கும்போது சமையல் புடவையில் நிற்கக் கூடாது என்று.

"அம்மா…"

அறைக்குள்ளிருந்து வந்த குரல். உரத்த குரல் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருஷமாக அந்தக் குரலுக்கு அவள் பழகியிருந்தாள். முருங்கைக்காய் கையோடு எழுந்து ஓடினாள்.

தீப்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, டவலை மடித்து வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா கிளம்பியாச்சா?"

"இப்போதான் போனா. ஏன்?"

"பை ஒழுகறது. ராத்திரியே ஓரம் விட்டுடுத்து போல. தூங்கிட்டேன்."

பையை மாற்றும் நாளில் பட்டாபிதான் கூட இருப்பார். பைக்கு அடியில் வயிற்றோடு ஒட்டும் தட்டு ஒன்று உண்டு. அதில் அளவாக ஓர் ஓட்டை வெட்ட வேண்டும். குளிர்காலம் வந்தால் தீப்தியின் விரல் முட்டிகள் வீங்கிக்கொள்ளும். அந்த வேலை அவளால் ஆகாது. அதனால்தான் தோதாராவைக்கூட இப்போது பக்கவாத்தியக்காரர் கௌதம் வாசிக்கிறார்.

"அப்பாவைத் திரும்பி வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. அவா வந்து ஸ்டேஷன்ல நிக்கறச்சே யாரும் இல்லேன்னா நன்னாவா இருக்கும்? நானே பார்த்துக்கறேன். நீ அந்தப் பெட்டியை மட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் போ."

'எடுத்துக் கொடுத்துவிட்டுப் போ.' மகள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சாவித்ரிக்குச் சாதாரணமாகப் படவில்லை.

மருத்துவமனையில் முதல் தடவை நர்ஸ் போர்வையை விலக்கியபோது, சாவித்ரி தலை சுற்றுகிறது என்று சொல்லி வராந்தாவுக்குப் போய்விட்டாள். அன்று பட்டாபிதான் நர்ஸ் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் சாவித்ரிக்கு ஏதாவது ஒரு வேலை இருந்தது. பால் பொங்கும், போன் அடிக்கும், மாடியில் துணி காயும். தீப்தி ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தீர்ந்திருக்கும்.

சாவித்ரி பெட்டியை எடுத்து வந்தாள். கொடுத்துவிட்டுப் போகவில்லை.

தீப்தி கத்தரிக்கோலை விரலில் மாட்டப் பார்த்தாள். கட்டைவிரல் வளையத்துக்குள் நுழைந்தது, மடங்க மறுத்தது. ஒரு வெட்டு. ஓரம் பிசிறிப் போனது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தட்டை எடுத்தாள்.

"குடு இப்படி," என்றாள் சாவித்ரி.

"நீ போம்மா. பட்டுப் புடவை."

"குடுங்கறேனே. ரவிக்கைக்குக் கழுத்து வெட்டற கைடி இது. உங்கப்பாவை விட நன்னா வெட்டுவேன். அளவைச் சொல்லு."

தீப்தி அளவு அட்டையைக் காட்டினாள். சாவித்ரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெட்டினாள். ஒரே சுற்று, வட்டம் தனியாகக் கழன்று மடியில் விழுந்தது. தீப்தி விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அப்பாகிட்ட சொல்லாதே. அழுதுடுவா," என்றாள்.

இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அப்புறம் பழைய தட்டை உரிக்க வேண்டியிருந்தது.

சாவித்ரி வெந்நீரில் பஞ்சை நனைத்து, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். கடைசி ஓரம் விட்டதும் அவள் கண்ணை மூடிக்கொள்ளத்தான் நினைத்தாள். மூடவில்லை.

இதுவா? இதற்கா இத்தனை நாள் பயந்து பயந்து ஓடினோம்?

செக்கச்செவேலென்று, ஈரமாக, கைக்குழந்தையின் கீழுதட்டை மெல்லப் பிதுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மூச்சு விடுவதைப் போல லேசாகச் சுருங்கி விரிந்தது. அதைச் சுற்றி இருந்த தோல்தான் பார்க்கச் சகிக்கவில்லை. ஒழுகி ஒழுகிப் புண்ணாகி, தீக்காயம் மாதிரி.

"ரொம்ப வலிக்கறதாடி?"

"தோல் எரியறது. ஷாலிக்குக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்கு வலியே கிடையாதும்மா. கிள்ளினாக்கூடத் தெரியாது."

"கிள்ளுவாளா யாராவது!" என்று அதட்டினாள் சாவித்ரி.

அந்த நேரம் பார்த்து அது களுக்கென்று ஒரு சத்தம் போட்டது. அடுத்த நொடி சாவித்ரியின் கையிலும் மடியிலும் பட்டுப் புடவையிலும் சூடாகத் தெறித்தது.

தீப்தி பதறிப் போனாள். "ஐயோ அம்மா! சொன்னேனே, போன்னு சொன்னேனே! புடவை…"

சாவித்ரியின் வீட்டில் எச்சில் கையால் தண்ணீர்ச் செம்பைத் தொட்டால்கூடக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். பட்டாபிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தச் சட்டங்கள் அத்தனையும் மனப்பாடம். அதனால்தான் தீப்தி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிறந்த நாள்லேர்ந்து நீ என் மடியில பண்ணாததாடி?" என்றாள் சாவித்ரி, இன்னொரு பஞ்சை நனைத்தபடி.

"அப்போ எனக்கு முப்பத்தி நாலு வயசு இல்லையே."

"என் மடிக்கு உன் வயசு தெரியாதுடி. அசையாம இரு."

தீப்தி அசையாமல் இருந்தாள். ஆனால் தோள் குலுங்கியது. சாவித்ரி நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் தானும் உடைந்துவிடுவோம் என்று தெரியும். தோலைத் துடைத்து, காயவைத்து, பொடி தூவி, புதுத் தட்டைப் பொருத்தினாள். அதன்மேல் உள்ளங்கையை வைத்து, சூட்டில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று அப்படியே வைத்திருந்தாள். கைக்கு அடியில் அது மெல்ல அசைந்தது.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் வராந்தாவுக்கு ஓடிட்டேன்," என்றாள். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"தெரியும்."

"உனக்குக் கோவம் இல்லையா?"

"இருந்தது. அப்புறம், உனக்குப் பழக நாளாகும்னு நினைச்சேன். எனக்கே நாளாச்சு." அம்மாவின் கைமேல் தன் வீங்கின கையை வைத்தாள். "போய்ப் புடவையை மாத்திக்கோ. அவா வந்துடுவா."

சாவித்ரி புடவையை மாற்றிக்கொண்டாள். கை காலைக் கழுவிக்கொண்டாள். தலைக்குக் குளிக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றவேயில்லை என்பதைக் குழம்பு கொதிக்கும்போதுதான் கவனித்தாள்.

மூடுபனியால் வண்டி தாமதம். சம்பந்திகள் வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. மஹாதேவன் வாய் ஓயாமல் பேசுகிறவர்; இரண்டாவது ஹூக்ளிப் பாலத்தின் கம்பிகளைப் பற்றிப் பட்டாபியை வழியெல்லாம் கேட்டுத் துளைத்திருக்கிறார் என்பது உள்ளே நுழையும்போதே தெரிந்தது. அவர் மனைவி வசுமதி அதற்கு நேர் எதிர். சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. அளந்துதான் பேசுவாள். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை கண்ணை எடுக்கமாட்டாள்.

மஹிமாவும் வந்துவிட்டாள். வந்ததும் தீப்தியைத்தான் முதலில் கட்டிக்கொண்டாள்; ஜாக்கிரதையாக, இடது பக்கமாக. அதை வசுமதி பார்த்தாள்.

"தீப்திக்கு என்ன ஆபரேஷன் மாமி? மஹிமா அல்சர்னு சொன்னா," என்று சமையலறை வாசலில் நின்று கேட்டாள்.

அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த சாவித்ரி திரும்பாமலே சொன்னாள். "ஆமா மாமி. வயித்துல அல்சர். ரொம்ப நாளாப் படுத்திண்டு இருந்தது. இப்போ நன்னா தேவலை."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. காலையில்தான் அந்தக் கையால்… சாவித்ரி அப்பளத்தைத் தீய விட்டாள்.

சாப்பாட்டு மேஜையில் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மஹாதேவன் முருங்கைக்காய்ச் சாம்பாரைப் புகழ்ந்தார். நிச்சயதார்த்தத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா, சென்னையிலா என்று பேச்சு வந்தது. ஒரு நிமிஷம் எல்லோரும் யோசனையில் அமைதியானார்கள். அந்த அமைதியில், தீப்தியின் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு சத்தம் எழுந்து, களக் களக்கென்று முடிந்தது.

மஹாதேவன் தலையைத் தூக்கினார். "என்ன சத்தம் அது?"

"மாடில மோட்டார் போட்டிருக்கான்," என்றார் பட்டாபி, இமைக்காமல். நாற்பது வருஷத்தில் அவர் சொல்லி சாவித்ரி கேட்ட முதல் பொய்.

"ஓஹோ. இங்கயும் தண்ணிப் பிரச்சினை உண்டோ?"

ஹரீஷ் தண்ணீர் குடிக்கும் சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டான். எல்லோரும் சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள். சாவித்ரி மட்டும் மகளைப் பார்த்தாள். தீப்தி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். இடது கை மேஜைக்கு அடியில் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. உதட்டில் சிரிப்பு இருந்தது. யாராவது பார்த்துவிட்டால் இருக்கட்டும் என்று ஒட்டவைத்த சிரிப்பு.

ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் மைதானத்தில் தலை நிமிர்ந்து பாடுகிறவள். சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இப்படிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்காரச் சொன்னது யார்?

மாலையில் அரங்கம் நிரம்பிவிட்டது. ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் பழைய அரங்கம். வாசலில் சால்வைகளும் குரங்குக் குல்லாய்களுமாகக் கூட்டம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நிறையப் பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் சம்பந்திகளை உட்கார வைத்து, சாவித்ரி வசுமதியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் மஹிமா, ஹரீஷ்.

தீப்தி மேடைக்கு வந்ததும் எழுந்த கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவள் கும்பிட்டுவிட்டுக் காத்திருந்தாள். பருத்திப் புடவை. உள்ளே வயிற்றைத் தாங்கும் பெல்ட் இருப்பது வெளியே தெரியவில்லை. கௌதம் தோதாராவை மீட்டத் தொடங்கினார்.

முதல் பாட்டில் மூச்சு இரண்டு இடத்தில் உடைந்தது. வயிற்றை வெட்டித் தைத்த பிறகு, அடி வயிற்றிலிருந்து குரலை எடுக்க அவள் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. சாவித்ரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பாட்டில் குரல் சூடேறிவிட்டது. அதற்குப் பிறகு அவள் ஒரு நீளப் பாட்டு எடுத்தாள். படகுக்காரன் ஒருவன் ஆறு முழுக்கத் தன் ஊரைத் தேடுகிற கதை. நோய் வந்த நாளிலிருந்து தீப்தி அத்தனை நீளமாக ஒரு பாட்டை எடுத்ததேயில்லை. பாதியில் எழுந்து ஓட வேண்டிய பயம் இப்போது இல்லை. அந்தப் பை கொடுத்த சௌகரியம் அது என்று சாவித்ரிக்கு உறைத்தபோது, கண்ணில் நீர் முட்டியது.

அப்புறம்தான் எல்லோரும் காத்திருந்தது வந்தது. தீப்தி மைக்கருகே வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் பக்கம் பார்த்தாள். எதுவும் சொல்லாமல் பாடத் தொடங்கினாள்.

*கத்தாதடி மைனா, கதவு சாத்தியாச்சு,*
*காத்தும் தூங்கப் போச்சு, ஊரும் தூங்கியாச்சு.*
*உன்னை யாரும் வையமாட்டா, நான் இருக்கேன் பாத்துக்க,*
*ஒட்டிக்கிட்டு வந்தவளே, என்னை நீயும் ஏத்துக்க.*

அரங்கமே கூடப் பாடியது. இரண்டு வரிசை பின்னால் ஒருவர் தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டே பாடினார். வசுமதியும் உதடசைத்தாள். அவள் முகத்தில் அன்று முதல் தடவையாக ஓர் இளக்கம்.

"எங்க அக்கா பேத்திக்கு இந்தப் பாட்டைப் போட்டாத்தான் தூக்கம் வரும்," என்று சாவித்ரியின் காதருகே குனிந்து சொன்னாள். "எந்தக் குழந்தைக்காக எழுதினா மாமி?"

'சும்மா எழுதினா' என்று சொல்லலாம். 'பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு' என்று சொல்லலாம். பட்டாபியின் மோட்டார் மாதிரி ஒன்று. சாவித்ரி வாயைத் திறந்தாள்.

"குழந்தைக்கு இல்ல மாமி. அவளுக்கு அல்சர் இல்ல. நான் மத்தியானம் பொய் சொன்னேன்."

வசுமதி மெல்லத் திரும்பினாள்.

சாவித்ரி நிறுத்தவில்லை. நிறுத்தினால் தைரியம் போய்விடும். பெருங்குடலை எடுத்ததைச் சொன்னாள். பையைச் சொன்னாள். சத்தத்தைச் சொன்னாள். சாப்பிடும்போது கேட்டது மோட்டார் இல்லை என்று சொன்னாள். "அதுக்குத்தான் மைனான்னு பேர் வச்சிருக்கா. அதைப் பார்த்துத்தான் பாடறா."

மேடையில் பாட்டு போய்க்கொண்டிருந்தது. வசுமதி கைப்பிடியில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஹரீஷுக்கு வருமா இது?"

"வரணும்னு இல்லை, வராதுன்னும் சொல்ல முடியாதுங்கறா டாக்டர். அவனையும் பரிசோதிச்சுப் பார்த்தாச்சு. இப்போ ஒண்ணும் இல்லை."

"நான் கேட்கறச்சே ஏன் மறைச்சேள்?"

"பயம். எம் பிள்ளைக்கு இந்தச் சம்பந்தம் தட்டிப்போயிடுமோன்னு."

"இப்போ அந்தப் பயம் இல்லையா?"

"இருக்கு. ஆனா சாப்பிடறச்சே அவ தலையைக் குனிஞ்சுண்டு உட்கார்ந்திருந்தா மாமி. என்னால அதைப் பார்த்துண்டு இருக்க முடியல."

வசுமதி மறுபக்கம் திரும்பி, "மஹிமா, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். மஹிமாவின் முகமே பதிலாக இருந்தது. வசுமதி எழுந்து, குனிந்தபடி வரிசையைத் தாண்டி, வெளிக்கதவை நோக்கி நடந்தாள். மஹிமா பின்னாலேயே ஓடினாள். ஹரீஷ் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனும் போனான். எதுவும் அறியாத மஹாதேவன் பட்டாபியோடு சேர்ந்து பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

இடைவேளை விட்டதும் சாவித்ரி மேடைக்குப் பின்னால் போனாள். தீப்தி நாற்காலியில் சாய்ந்து, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். கௌதம் அவளுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாஷிமா, பார்த்தீர்களா உங்கள் பெண்ணை!" என்று வங்காளியில் சொல்லிவிட்டு, தாயும் மகளும் இருக்கட்டும் என்று வெளியே போனார்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்மா," என்றாள் தீப்தி. களைப்பிலும் முகம் பளபளத்தது. "நாக்கு நுனி வரைக்கும் வந்துடுத்து. முழுங்கிட்டேன்."

சாவித்ரி அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் காப்பாத்தலடி."

"என்னது?"

"வசுமதி மாமிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ பாடிண்டு இருக்கச்சேயே."

தீப்தி டம்ளரைக் கீழே வைத்தாள். சிரிப்பா அழுகையா என்று புரியாத ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. "நீயா? என் வாயைக் கட்டிட்டு நீயா சொன்னே? ஏ மா! ஹரீஷ் என்னைக் கொன்னுடுவான். என்ன சொன்னா அவா?"

"எழுந்து போயிட்டா."

திரை விலகியது. ஹரீஷ் உள்ளே வந்தான். கண் சிவந்திருந்தது. அக்காவைப் பார்க்காமல் அம்மாவை மட்டும் பார்த்தான்.

"மஹிமா அழறா. மாமி உன்னைக் கூப்பிடறா. உன்னை மட்டும். நானும் வரேன்னேன், வேண்டாம்னுட்டா."

"நான் வரேன்," என்று தீப்தி எழுந்தாள்.

"நீ எங்கயும் வரவேண்டாம். உனக்கு மேடை இருக்கு," என்றாள் சாவித்ரி. தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். வெளியே மைக்கில் தீப்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள், இடைவேளை முடிந்துவிட்டது.

"அம்மா." தீப்தி பெல்ட்டை இறுக்கிக்கொண்டே கேட்டாள். "இனிமே நான் சொல்லலாமா?"

"உன் பாட்டுடி அது. என்னை ஏன் கேட்கறே?"

ஒருத்தி மேடைப் பக்கம் போனாள். மற்றவள் வெளிக்கூடத்துக்கு வந்தாள். தேநீர்க் கடைக்கு அருகே, தூண் ஓரமாக வசுமதி நின்றுகொண்டிருந்தாள். மஹிமா தள்ளி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாவித்ரி அருகே போய் நின்றாள்.

"மாமி, நான்…"

கூடத்துச் சுவரில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. தீப்தியின் குரல் வந்தது. பாட்டு இல்லை, பேச்சு. முதலில் வங்காளியில், பிறகு தமிழில். "கொஞ்ச நேரம் முன்னாடி நீங்க எல்லாரும் என்கூடப் பாடின பாட்டைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்…"

வசுமதி கையை உயர்த்தினாள்.

"இருங்கோ மாமி," என்றாள், ஒலிபெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க சொன்னதைக் கேட்டாச்சு. அவ என்ன சொல்றான்னு முதல்ல கேட்கறேன்."